உறவு கொண்டாடுமுன் மொழி கற்போம்

(வானொலி இலக்கியத் தொடரில் நிகழ்த்திய உரை)



சென்ற தவணையில் உயர்தர வகுப்பில் மொழிக் குடும்பங்கள் பற்றிப் படிப்பித்துக் கொண்டிருந்தேன். பின்வரிசையில் இருந்த மாணவன் ஒருவன் எழும்பி, "சேர், யப்பான் மொழி எங்கட தமிழில இருந்துதான் வந்ததாம், உண்மையோ?" என்று கேட்டான். தமிழாசிரியர் ஒருவருக்கு இதைவிட இனிப்பான கேள்வி வேறென்ன இருக்க முடியும்? பேராசிரியர் சுசுமு ஓனோ என்று தொடங்கிக் கால்மணி நேரம் பேசினேன். பிள்ளைகளின் முகங்களில் பெருமிதம் தெரிந்தது. நான் முடித்ததும் அதே மாணவன் மறுபடியும் எழும்பினான். "சேர் யப்பான் மொழி படிச்சனீங்களோ?"

வகுப்புச் சிரித்தது. ஆனால் அவன் குறும்பாகக் கேட்கவில்லை. வெள்ளவத்தையில் ஒரு மாலை வகுப்பில் அவன் யப்பானிய மொழி கற்றுக்கொண்டிருந்தான். அண்ணன் ஒருவர் அங்கே வேலைக்குப் போயிருக்கிறார். தானும் போகவேண்டும் என்பது அவன் எண்ணம். "இல்லைத் தம்பி, நான் படிக்கவில்லை" என்றேன். அந்தக் கேள்வி என்னை விடவில்லை. இன்றைய பேச்சு அதற்கான என் பதிலே.

இன்று வெள்ளவத்தையிலோ கொட்டாஞ்சேனையிலோ யப்பானிய மொழி கற்கும் இளைஞர் ஒருவரைக் காண்பது அரிதன்று. திறன்பெற்ற தொழிலாளரை அனுப்புவது தொடர்பாக 2019ஆம் ஆண்டு யப்பானும் இலங்கையும் ஓர் உடன்பாட்டிற்கு வந்தபின் அந்த ஆர்வம் வளர்ந்திருக்கிறது. முதியோரைப் பராமரிக்கும் வேலைக்காக இஸ்ரேலுக்குச் செல்வோர் எபிரேய மொழியில் சில வாக்கியங்களைப் பாடமாக்குகிறார்கள். ஆக, இவ்விரு மொழிகளும் பிழைப்பின் மொழிகளாக நம் வாசலுக்கு வந்துவிட்டன. அதில் குறைகாண ஒன்றுமில்லை. ஆனால் இலக்கியத்தின் மொழிகளாக, பண்பாட்டின் மொழிகளாக அவை தமிழ் மாணவனிடம் வந்து சேர்ந்தனவா?

நமது பெருமைப் பேச்சுக்களில் இவ்விரு மொழிகளும் நெடுநாளாகவே இடம்பெற்று வருகின்றன என்பதையும் எண்ணிப் பார்க்கவேண்டும். யப்பானியம் தமிழின் உறவு என்போம். விவிலியத்திலே தமிழ்ச் சொல் இருக்கிறது என்போம். இரண்டையும் சொல்லிக் கைதட்டல் வாங்குவோம். இவற்றை நமக்குக் கண்டு சொன்னவர்கள் யார்? தமது மொழியையும் ஆழமாகக் கற்று, நமது மொழியையும் தேடிவந்து கற்றவர்கள்.

பேராசிரியர் ஓனோ 1919இல் தோக்கியோவிற் பிறந்தவர். கக்குசுயின் பல்கலைக்கழகத்திற் பணியாற்றியவர். பழைய யப்பானிய மொழிக்கு அகராதி தொகுத்த அறிஞர். தமது மொழியின் தோற்றம் பற்றி 1957இல் ஒரு நூல் எழுதினார். ஏறத்தாழ அறுபது வயதில், ஓய்வை எண்ணவேண்டிய பருவத்தில், தமிழைப் படிக்கத் தொடங்கினார். சென்னைக்கு வந்து பேராசிரியர் பொன். கோதண்டராமனிடம் பாடம் கேட்டார். பின்னர் 1980களில், யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த பேராசிரியர் அ. சண்முகதாஸ், கலாநிதி மனோன்மணி சண்முகதாஸ் தம்பதியர் அவரோடு இணைந்து பணியாற்றினர். தாம் 1957இல் எழுதிய அதே பொருள்மீது, அதே தலைப்பில், 1994இல் தமிழை மையமாக வைத்துப் புதிதாக ஒரு நூலை எழுதினார் ஓனோ. அறிஞர் ஒருவர் தம் பழைய நூலைத் தாமே ஒதுக்கிவைத்து மீண்டும் எழுதுவது சிறிய காரியமன்று.

அவருடைய கொள்கை ஏற்கப்பட்டதா என்று கேட்டால், நேர்மையாகப் பதில் சொல்லவேண்டும். ஒப்பியல் மொழியியலாளரிற் பெரும்பாலோர் அதை ஏற்கவில்லை. யப்பானிலேயே கடும் எதிர்ப்பு எழுந்தது. ஓனோவும் பிற்காலத்தில், நெற்செய்கையோடு வந்து சேர்ந்த ஒரு மொழியின் செல்வாக்கு என்ற முறையில் தம் கருத்தை மாற்றி அமைத்தார். 2008இல் அவர் மறைந்தார். ஆனால் "யப்பானியம் தமிழிலிருந்து வந்தது" என்று அவர் சொன்னதாக நம் மேடைகளில் இன்னும் பேசுகிறோம். அவர் சொன்னது ஒன்று, நாம் கேட்டுக்கொண்டது வேறொன்று.

ஒற்றுமை என்பது மயக்கும் பொருள். "நான் கொழும்புக்குப் போகிறேன்" என்பதை யப்பானியர் "வத்தாஷி வா கொரொம்போ நி இகிமாஸ்" என்பர். எழுவாய் முதலில், வேற்றுமை உருபு பெயருக்குப் பின்னால், வினை கடைசியில். கேட்டவுடன் மனம் துள்ளுகிறது. ஆனால் நம் அயல்வீட்டார் சிங்களத்தில் "மம கொலம்பட்ட யனவா" என்றாலும் இதே ஒழுங்குதானே? கொரிய மொழியும் துருக்கி மொழியும் அப்படியே. ஆகவே சொல்லொழுங்கு மட்டும் உறவுக்குச் சான்றாகாது.

இன்னொன்று. என் மாணவன் தன் பயிற்சிப் புத்தகத்தைக் கொண்டுவந்து காட்டினான். யப்பானிய எழுத்து வரிசை ஆ, இ, உ, எ, ஒ என ஐந்து உயிர்களோடு தொடங்குகிறது. பின்பு க, ச, த, ந என மெய்வரிசைகள் தொடர்கின்றன. "பாத்தீங்களோ சேர், எங்கட அரிச்சுவடி மாதிரியே இருக்கு" என்றான். உண்மைதான். ஆனால் அதன் காரணம் வேறு. பௌத்தத்தோடு இந்திய எழுத்திலக்கணமும் சீனாவழியாக யப்பானுக்குச் சென்றது. சமஸ்கிருத ஒலிகளைக் கற்ற பிக்குமார் அந்த முறையைப் பின்பற்றித் தம் எழுத்துக்களையும் வரிசைப்படுத்தினர். இது பிறப்பால் வந்த உறவன்று. படிப்பால் வந்த உறவு. என்னைக் கேட்டால், இரண்டாவதே மேலானது.

சொற்களையும் உருபுகளையும் விட்டு இலக்கியத்துக்கு வருவோம். மன்யோசு என்பது யப்பானியரின் மிகப் பழைய பாடற்றொகை. எட்டாம் நூற்றாண்டில் தொகுக்கப்பட்டது. இருபது பகுதிகளில் ஏறத்தாழ 4500 பாடல்கள் உள்ளன. பெரும்பாலானவை 5, 7, 5, 7, 7 என்ற அசையளவில் ஐந்தடியாக அமைந்த சிறு பாடல்கள். கலாநிதி மனோன்மணி சண்முகதாஸ் இவற்றிலுள்ள காதற் பாடல்களைத் தமிழாக்கிச் சங்க அகப்பாடல்களோடு ஒப்புநோக்கினார். பிரிவு, காத்திருப்பு, ஊரார் பேசும் அலர், மலரையும் பறவையையும் முன்வைத்துப் பின்னர் நெஞ்சைச் சொல்லும் முறை என ஒப்புமைகள் பல.

ஆனால் எனக்குப் பாடம் கற்பித்தது ஒப்புமையன்று, வேற்றுமையே. மன்யோசுவின் பல பாடல்களில் பாடியவர் பெயரும், யாரை நோக்கிப் பாடினார் என்பதும் குறிக்கப்பட்டுள்ளன. இளவரசி நுகதா, ஒத்தோமோ நோ யக்கமோச்சி எனப் பெயரோடு மனிதர் காதலிக்கிறார்கள். நமது அகத்திணையிலோ தலைவனுக்குப் பெயரில்லை, தலைவிக்குப் பெயரில்லை. பெயர் சுட்டினால் அது அகமாகாது. இந்த விதியை இருபது ஆண்டுகளாகப் பரீட்சைக்கு உரிய விதியாகவே படிப்பித்து வந்தேன். காதலைப் பெயரோடு பாடிய ஒரு பழைய மரபை அறிந்த பின்னரே, பெயரை நீக்கியவர்கள் எத்தகைய துணிவான தெரிவைச் செய்தார்கள் என்பது எனக்கு உறைத்தது. பிறர் இலக்கியம் நம் இலக்கியத்துக்குக் கண்ணாடி என்பது இதுதான்.

இனி எபிரேயத்துக்கு வருவோம். விவிலியத்தின் முதலாம் இராஜாக்கள் நூலிலே, சாலமோன் மன்னனின் கப்பல்கள் கொண்டுவந்த பொருட்களுள் மயிலும் சொல்லப்படுகிறது. அங்கே வரும் 'துக்கி' என்ற எபிரேயச் சொல் நமது 'தோகை'யோடு தொடர்புடையது என்று கால்டுவெல் 1856இல் தம் ஒப்பிலக்கணத்தில் எழுதினார். அன்றுதொட்டு நாம் அதைச் சொல்லிவருகிறோம். நானும் வகுப்பில் எத்தனையோ முறை சொல்லியிருக்கிறேன். அண்மையில்தான் ஒரு செய்தி அறிந்தேன். இன்றைய எபிரேயத்தில் துக்கி என்றால் கிளி. மயிலுக்கு அவர்கள் வழங்கும் சொல் 'தவாஸ்'. ஒரு மொழியிலிருந்து ஒற்றைச் சொல்லை மட்டும் பிடித்துக்கொண்டு நின்றால், மயில் கிளியாகிப் பறந்துவிட்டதுகூட நமக்குத் தெரியாமற் போகும்.

ஜெருசலேம் எபிரேயப் பல்கலைக்கழகத்தில் எபிரேய மொழிப் பேராசிரியராக இருந்தவர் ஹயிம் ராபின். விவிலியத்தின் உன்னதப்பாட்டையும் சங்க அகப்பாடல்களையும் ஒப்பிட்டு 1970களின் தொடக்கத்தில் ஒரு கட்டுரை வெளியிட்டார். பெண்ணின் குரலே மேலோங்கி ஒலிப்பது, இயற்கை வருணனை, ஏக்கம் ஆகியவை அவருடைய கவனத்தை ஈர்த்தன. தென்னாட்டு வணிகத் தொடர்பின் வழியாகத் தமிழ்ப் பாடல் மரபு அங்கே எட்டியிருக்கலாம் என்று கருதினார். இதையும் பலர் ஏற்கவில்லை. எகிப்தியக் காதற் பாடல்களோடு உன்னதப்பாட்டை ஒப்பிடுவோரே மிகுதி.

ஆனால் ராபின் திறந்த வாசலால் நாம் உள்ளே போய்ப் பார்த்தோமா? உன்னதப்பாட்டின் பெண் இரவிலே எழுந்து, நகரத்து வீதிகளில் அன்பனைத் தேடி அலைகிறாள். காவலர் அவளை எதிர்ப்படுகிறார்கள். நம் இரவுக்குறியில் காவலரைத் தாண்டி வருபவன் தலைவன். தலைவி இற்செறிக்கப்பட்டவள். தேடிப் புறப்பட்ட பெண்ணாக ஆதிமந்தி நினைவுக்கு வருகிறாள். ஆனால் அவள் பிறர் எடுத்துக்காட்டாகச் சொல்லுமளவுக்கு அரிதானவள். ஒரே காதல், இரு வேறு சமூகங்கள், இரு வேறு வாசற்கதவுகள். இதை எபிரேய மூலத்தைப் படித்து எழுதக்கூடிய ஒரு தமிழ் மாணவன் கிடைத்தால் எவ்வளவு நன்றாயிருக்கும்! குருமடங்களில் விவிலியத்துக்காக எபிரேயம் கற்போர் இருக்கிறார்கள். தமிழ்த்துறையினர் அவர்களோடு ஒரு மேசையில் அமர்ந்தாலே பாதி வேலை முடிந்துவிடும்.

தமிழகத்துக்கும் யூதருக்கும் இடையிலான தொடர்பு வெறும் ஊகமன்று, செப்பேட்டில் இருப்பது. கொல்லத்தில் 849ஆம் ஆண்டளவில் எழுதப்பட்ட தரிசாப்பள்ளிச் செப்பேடுகள் வட்டெழுத்தில் உள்ளவை. அவற்றிலே சாட்சியாகக் கையெழுத்திட்டோர் அரபு, பகலவி, எபிரேயம் என மூன்று எழுத்துக்களிற் கையெழுத்திட்டிருக்கிறார்கள். சேர மன்னன் பாஸ்கர ரவிவர்மன் ஏறத்தாழ 1000ஆம் ஆண்டில் யோசேப்பு ரப்பான் என்ற யூத வணிகருக்கு 72 உரிமைகள் வழங்கிய செப்பேடும் வட்டெழுத்தில்தான் இருக்கிறது. கொச்சி யூதர்கள் அதைத் தம் பெரும் பொக்கிஷமாகக் காத்துவந்தார்கள்.

இத்தகைய காட்சிக்குக் கடல் கடந்து போகவேண்டியதுமில்லை. காலியிற் கண்டெடுக்கப்பட்ட மும்மொழிக் கல்வெட்டு நமது கொழும்பு நூதனசாலையில் இருக்கிறது. 1409ஆம் ஆண்டைக் குறிக்கும் அந்தச் சீனக் கல்லில் சீனம், தமிழ், பாரசீகம் ஆகிய மூன்று மொழிகளில் மூன்று தெய்வங்களுக்குக் காணிக்கை சொல்லப்பட்டுள்ளது. நம் பிள்ளைகளை அங்கே கூட்டிப்போனால் தமிழ்ப் பகுதியைக் காட்டிப் பெருமைப்படுகிறோம். மற்ற இரண்டையும் யாராவது படித்துச் சொன்னால்தான் உண்டு. அந்தக் கல்லின் முன்னால் நிற்கும்போதெல்லாம், மூன்றில் ஒரு பங்கு மட்டுமே வாசிக்கத் தெரிந்தவனாக என்னை உணர்கிறேன்.

இன்று ஜெருசலேமிலிருந்து தமிழ்பற்றி எழுதிவரும் அறிஞர் டேவிட் ஷுல்மன். லண்டனில் தமிழ் படித்து, தமிழகக் கோயிற் புராணங்களை ஆராய்ந்தவர். தமிழ் மொழியின் வரலாற்றை ஒரு மனிதரின் வாழ்க்கை வரலாறுபோல 2016இல் நூலாக எழுதினார். அதே ஆண்டு தம் நாட்டின் உயர் விருதான இஸ்ரேல் பரிசு கிடைத்தபோது, பரிசுப் பணத்தை இஸ்ரேலியரும் பலஸ்தீனரும் சேர்ந்து இயங்கும் தாயுஷ் என்ற அமைப்புக்குக் கொடுத்துவிட்டார். தூரத்து மொழியைக் கற்ற ஒருவருக்கு அயலவரின் குரலும் கேட்டிருக்கிறது. இதை ஏன் சொல்கிறேன் என்பது இந்த நாட்டிற் பிறந்த நேயர்களுக்கு விளங்கும்.

பிறமொழி கற்றால் நமக்கென்ன பயன் என்று கேட்போருக்கு நம் நாட்டிலேயே ஓர் உதாரணம் உண்டு. பேராசிரியர் எதிரிவீர சரச்சந்திர 1955இல் யப்பானுக்குச் சென்று அந்நாட்டு மரபுவழி அரங்கை நேரிற் கண்டார். மரபை விடாமலே நவீனமாகலாம் என்ற நம்பிக்கை அங்கே உறுதிப்பட்டது. திரும்பி வந்து, தமிழ்க் கூத்திலிருந்து கிளைத்த சிங்கள நாடகம் என்னும் வடிவத்தை எடுத்து, 1956இல் 'மனமே'யை மேடையேற்றினார். யப்பானைக் களமாகக் கொண்ட 'மளகிய அத்தோ' என்ற நாவலையும் 1959இல் எழுதினார். 'மனமே'யின் வெற்றியைக் கண்ட பேராசிரியர் சு. வித்தியானந்தன் பேராதனையிலே மட்டக்களப்புக் கூத்தை எடுத்துச் செம்மைப்படுத்தி, 1962இல் 'கர்ணன் போர்', பின்னர் 'இராவணேசன்' என மேடைக்குக் கொண்டுவந்தார். நம் கூத்து நமக்கே திரும்பி வந்த பாதையைப் பாருங்கள்: தமிழிலிருந்து சிங்களத்துக்கு, அங்கிருந்து யப்பானிய அரங்கின் வெளிச்சம் பட்டு, மறுபடி தமிழுக்கு. நடுவில் ஒருவர் கடல் கடந்து கற்றிராவிட்டால் இந்தச் சுற்று நிறைவேறியிருக்குமா?

யப்பானியக் கவிதையும் கதையும் நாடகமும் பேராசிரியர் ஆரிய ராஜகருணா போன்றோரால் சிங்களத்துக்கு வந்திருக்கின்றன. களனிப் பல்கலைக்கழகத்தில் யப்பானிய மொழியைப் பட்டத்துக்குக் கற்கலாம். க.பொ.த. உயர்தரத்திலும் அது ஒரு பாடம். தமிழுக்கு யப்பானியக் கவிதையை அறிமுகம் செய்தவர் பாரதி. 1916இல் சுதேசமித்திரனில் எழுதினார். அது ஆங்கிலவழி வந்த அறிமுகம். பாரதிக்கு வேறு வழியிருக்கவில்லை. நூறாண்டு கடந்தும் நம் ஹைக்கூ பெரும்பாலும் ஆங்கிலவழியே வருகிறதென்றால், அதற்குப் பாரதி பொறுப்பல்லர்.

வேற்றுமொழி கற்ற முன்னோடி நமக்கில்லை என்றும் சொல்லமுடியாது. தீவகத்தின் கரம்பொன்னிற் பிறந்த தனிநாயகம் அடிகள், போர்த்துக்கேயம் கற்றிருந்ததாலன்றோ, அந்தம் தெ புரொயென்சாவின் 1679ஆம் ஆண்டுத் தமிழ்-போர்த்துக்கேய அகராதியின் அருமையை உணர்ந்து 1966இல் மறுபதிப்பாகத் தந்தார்? தமிழ் மட்டும் கற்றிருந்தால் அந்த நூலின் பக்கத்தால் நடந்து போயிருப்பார்.

ஆகவே என் வேண்டுகோள் இதுதான். தமிழைச் சிறப்புப் பாடமாகக் கற்கும் ஒவ்வொரு பல்கலைக்கழக மாணவனும், தமிழோடு தொடர்புடைய வேறொரு மொழியை அதன் இலக்கியத்தோடும் பண்பாட்டோடும் இரண்டு ஆண்டுகளேனும் கற்கட்டும். சிங்களத்திலிருந்து தொடங்கலாம், அதுதான் மிக அருகில் இருக்கிறது. யப்பானியம், எபிரேயம், சீனம், பாரசீகம், போர்த்துக்கேயம் என விரிந்து போகலாம். எல்லாப் பல்கலைக்கழகமும் எல்லாவற்றையும் கற்பிக்கவேண்டியதில்லை. ஒன்றில் உள்ள வசதியை மற்றையதின் தமிழ் மாணவன் பயன்படுத்த வழிசெய்தால் போதும். ஓனோவின் கொள்கை சரியென்று நிறுவவோ பிழையென்று மறுக்கவோ, பழந்தமிழும் பழைய யப்பானியமும் அறிந்த ஒருவர் வேண்டும். அந்த ஒருவர் நம் பக்கத்திலிருந்தும் வரவேண்டாமா?

இல்லையேல் என்ன நடக்கும்? என் மாணவன் போன்ற பிள்ளைகள் யப்பானுக்குப் போவார்கள். அந்த மொழியை நம் எல்லோரையும்விட நன்றாகப் பேசுவார்கள். ஆனால் மன்யோசு என்ற பெயரையோ, அதைத் தமிழிலே தந்த யாழ்ப்பாணத்துப் பெண்மணியின் பெயரையோ அவர்களுக்கு யாரும் சொல்லியிருக்கமாட்டார்கள். பாலம் கட்டக்கூடிய கைகளைக் கல் சுமக்க மட்டும் அனுப்பிவைத்தவர்கள் ஆவோம்.

அந்த மாணவன் இப்போது வெள்ளிக்கிழமைகளில் பாடசாலை விட்டபின் கால்மணி நேரம் என்னோடு இருக்கிறான். அவன் குறுந்தொகையில் ஒரு பாட்டுக் கேட்கிறான். நான் அவனிடம் யப்பானிய எழுத்து ஐந்து கற்கிறேன். என் எழுத்துக் கோணலாக இருக்கிறது என்று திருத்துகிறான். எனக்கு இப்போது நாற்பத்தாறு வயது. ஓனோ தமிழ் தொடங்கிய வயதுக்கு இன்னும் பதினான்கு ஆண்டுகள் இருக்கின்றன. ஆகையால் நேரம் போய்விட்டது என்று சொல்ல எனக்கு நியாயமில்லை. நேயர்களே, உங்களுக்கும் இல்லை.